ஓர்வின் அரசருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்

"அடக்கம் எத்தனை மணிக்கு?" என்று ஹாயில் தொலைபேசியில் விம்மிக்கொண்டே கேட்டபோது, ருதைனா தன் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எப்படிக் குடிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு அடக்கம்?"

"என்ன கேள்வி இது. உன் பெரியப்பாவுக்குத்தான். நான் ஸர்க்காவுலேர்ந்து கிளம்பிட்டேன். நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க, கடைசியா முகத்தைப் பார்க்கணும்."

ஹாயில் அவளுடைய அத்தை மகன். கண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஆள். ஆனாலும் ருதைனாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெரியப்பா அபூ ராகானும் பெரியம்மாவும் முந்தின நாள்தான் ஆலிவ் பறிக்க அஜ்லூன் மலைத் தோப்புக்குப் போயிருந்தார்கள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அவர் போன்லேர்ந்தே நம்ம குடும்ப குரூப்புக்குப் படம் வந்துச்சே. கண்ணை மூடி, கையை நெஞ்சு மேல வெச்சு, சுத்தி ஒரே வெள்ளையா. கூட ஒரு எழுத்து இல்ல. எழுதக்கூட முடியாம வீட்டு ஆளுங்க யாரோ அழுதுகிட்டே அனுப்பியிருக்காங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு."

ருதைனா படத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, படத்துல தலையில ஒரு கிரீடம் இருக்கே, கவனிக்கலையா?"

"கவனிச்சேன். நல்லா செஞ்சிருக்காங்க. அவருக்கு இல்லாத கிரீடமா."

"கையில வாள் இருக்கு."

"சுங்கத்துல அதிகாரியா இருந்தவர்தானே."

"அது நான் வரைஞ்ச ஓவியம் அண்ணே. ஒரு கதையில வர்ற ராஜா."

"ராஜாதாம்மா," என்று ஹாயில் வாய்விட்டு அழுதான். "ராஜா மாதிரிதான் வாழ்ந்தாரு." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இருமல் பெரியவர் மருந்தைக் கீழே வைத்துவிட்டு, "இறைவன் உனக்குப் பொறுமையைத் தரட்டும் மகளே," என்று சொல்லிப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். 'பனிவாசல்' என்று ஒரு மாயக்கதை வரிசை. எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்டு, அம்மானில் ஒரு பதிப்பகத்தால் அரபியில் கொண்டுவரப்பட்டு, இர்பித் நகரத்துப் பெண்கள் பலரின் தூக்கத்தைக் கெடுத்த வரிசை. ருதைனா அதன் தீவிர வாசகி. கடை முடிந்து வந்ததும் கைக்கணினியும் மின்பேனாவுமாக உட்கார்ந்து அதன் பாத்திரங்களை வரைந்துகொண்டிருப்பாள். கதையில் வருகிற முகங்களை அவள் கற்பனை செய்வதில்லை. எதற்கு வீண் சிரமம், குடும்பத்தில்தான் விதவிதமாகக் கொட்டிக்கிடக்கிறதே. சதுப்புநிலச் சூனியக்காரிக்கு மூத்த அத்தையின் முகவாய். துரோகித் தளபதிக்கு ஹாயிலின் காது.

ஆறாம் நூலில் ஓர்வின் அரசர் பனிவாசலுக்கு முன்னால் உயிர்விடுகிறார். வாசகர்கள் உலகம் முழுக்க அழுதார்கள். அந்தக் காட்சியை வரைய ருதைனாவுக்கு, மல்லாந்து கிடக்கும் கம்பீரமான ஒரு கிழவர் தேவைப்பட்டார். வெள்ளிக்கிழமை மதியம் மன்சஃப் கறிச்சோற்றை ஒரு கை பார்த்துவிட்டு, பெரியப்பா கூடத்து சோபாவில் கண்ணயர்ந்திருந்தார். அவளும் சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கையிலிருந்த டிவி ரிமோட்டை வாளாக்கினாள். சோபாவைப் பனியாக்கினாள். மீசையில் மட்டும் கை வைக்கவில்லை.

அவரிடம் சொல்லவும் இல்லை. சொல்லுகிற தைரியம் யாருக்கு இருக்கிறது. சொந்த மகன் கல்யாணத்து ஆல்பத்தில் மீசைமேல் நிழல் விழுந்திருக்கிறது என்று மொத்த ஆல்பத்தையும் திருப்பி அனுப்பியவர் அவர்.

ஏழாம் நூலுக்கு அட்டைப்படம் வேண்டும் என்று அந்தப் பதிப்பகம் போட்டி வைத்திருந்தது. ஓவியத்துக்குக் கீழே எத்தனை பேர் கருத்து எழுதுகிறார்களோ, அத்தனை ஓட்டு. பதிவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் நீக்கினாலும் போட்டியிலிருந்து வெளியே. இன்று வியாழன், சூரியன் மறையும் தொழுகை அழைப்போடு முடிவு. கெய்ரோக்காரர் ஒருவர் எட்டாத உயரத்தில் முன்னால் நின்றார். போன வாரம் ருதைனா வெட்கத்தை விட்டுக் குடும்ப குரூப்பிலும் ஓட்டுக் கேட்டுப் பார்த்தாள். மூன்று கட்டைவிரல்கள் வந்தன. ஒரு சித்தப்பா, வெள்ளிக்கிழமை மருந்துக்கடை உண்டா என்று கேட்டிருந்தார். பெரியப்பா பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை.

தன் பெயர் ஒரு புத்தகத்தின் உள்பக்கத்தில் 'அட்டை ஓவியம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். படத்தை நீக்கினால் அது போச்சு. நீக்காவிட்டால் பெரியப்பா போனவர் போனவர்தான்.

படம் அவர் போனிலிருந்து எப்படி வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சட்டைப்பையில் போனைத் திறந்தபடியே போட்டுக்கொண்டு, கண்டதைக் கண்டவர்களுக்கு அனுப்பிவைக்கிறவர் அவர். ஒருமுறை பல் டாக்டருக்கு ஆட்டின் படம் போயிருக்கிறது. இவர் தன் முகத்தைப் பார்த்திருந்தால் இந்நேரம் மலையே அதிர்ந்திருக்கும்.

குரூப்பில் வந்த படத்தைத் தொட்டால் போட்டிப் பதிவுதான் திறந்தது; சொந்தக்காரர்கள் அதன் கீழேயே அனுதாபம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிவில் கை வைக்கக் கூடாது, சரி, கருத்து எழுதலாமே என்று தோன்றியது. ஓவியத்தின் கீழேயே எழுதினாள்: 'தயவுசெய்து நம்புங்கள். இவர் சாகவில்லை. உயிரோடுதான் இருக்கிறார்.'

வாசகர்கள் கூட்டம் துள்ளி எழுந்தது. ஓவியருக்கு உள்தகவல் கிடைத்திருக்கிறது, ஏழாம் நூலில் ஓர்வின் எழுந்து வருகிறார் என்று மொராக்கோவிலிருந்து மஸ்கட் வரை ஆளுக்கு ஆள் எழுதத் தொடங்கினார்கள். குடும்பத்தார் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள்.

'பாவம் பொண்ணு. மனசு இன்னும் ஏத்துக்கல. பக்கத்துல யாராவது இருங்க' என்று குவைத்திலிருந்து ஒரு சித்தி எழுதினாள்.

சீக்கிரத்திலேயே இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. குடும்பத்தின் மூத்தவர் ஹாஜி முத்லக், 'வாழ்நாளில் ஓர் எறும்புக்கும் தீங்கு செய்யாதவர்' என்று எழுதினார்.

'சொந்த மருமகனைக் கோட்டை மதிலிலிருந்து தள்ளிவிட்டாரே' என்று அல்ஜீரியாவிலிருந்து ஒரு வாசகி கேட்டாள்.

'யாரம்மா நீ? அவருக்குப் பெண் குழந்தையே கிடையாது, மருமகன் எங்கிருந்து வந்தான்?'

'இரண்டு மனைவிகளில் இளையவளின் மகளை மறந்துவிட்டீர்களா?'

இது பெரியம்மாவின் பிறந்த வீட்டார் கண்ணில் பட்டது. அவர்கள் இளைய மனைவியின் முகவரி கேட்டுக் குடும்பத்தோடு வந்து எழுதினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல அபூ ராகான் தரப்பு டெட்ராய்ட்டிலிருந்த ஆட்களையும் எழுப்பிவிட்டது. ருதைனா கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு முன்னால் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். காப்பி ஊற்றுகிற அபூ ஜுரைஸ் தன் நீண்ட மூக்குக் கூஜாவோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் காலி மனையில் அண்டா ஏறி, அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. நம் ஆட்கள் இதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஓட்டுக் கேட்டபோது மூன்று விரல்கள். துக்கம் என்றதும் அண்டாவே வந்துவிட்டது.

மாடியில் பெண்கள் நடுவில் உட்கார்ந்து அவள் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். ருதைனா அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"காலையிலதானே பெரியப்பாகூடப் பேசினீங்க? எவ்வளவு எண்ணெய் தேறும்னு கேட்டீங்களே?"

"பேசினேன்."

"அப்புறம் எதுக்கு அழுறீங்க?"

"எல்லாத்துக்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன்டி, எவளும் காதுல வாங்கல. இத்தனை பேர் அழும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தா என்னைப் பத்தி என்ன பேசுவாங்க." அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பவும் உள்ளே போய்விட்டாள்.

பெரியப்பா போன் அணைந்திருந்தது. பெரியம்மா போன் பலமுறை அடித்தபிறகு எடுக்கப்பட்டது. எடுத்தது பெரியப்பாதான்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல பெரியப்பா. சொந்தக்காரங்க உங்க உடம்பைப் பத்தி விசாரிக்கிறாங்க. நல்லா இருக்கேன்னு ஒரு சின்ன வீடியோ அனுப்புங்களேன்."

"எவன் விசாரிச்சான்?"

"எல்லாரும்தான்."

"இத்தனை வருஷமா இல்லாத அக்கறை இன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சு? சரி, அனுப்பறேன். போனை வை."

வீடியோ வந்தது. ருதைனா ஆசையோடு, முன்பின் பார்க்காமல், குரூப்பில் போட்டுவிட்டாள். போட்டபிறகுதான் பார்த்தாள்.

ஆலிவ் உதிர்வதற்காக மரத்தடியில் வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். வேலைக் களைப்பில் பெரியப்பா அதன்மேல் நீட்டிப் படுத்திருந்தார். பாதிக் கண் மூடியிருந்தது. குரல் தணிந்திருந்தது. "நான் நல்லா இருக்கேன்," என்றார். "இங்க நிழல் இருக்கு, பக்கத்துல தண்ணி ஓடுது. யாரோட தொந்தரவும் இல்ல. யாரும் என்னை நினைச்சு வருத்தப்படாதீங்க. எல்லாரும் ஒத்துமையா இருங்க." பிறகு கண்ணை முழுதாக மூடிக்கொண்டார். வீடியோ முடிந்தது.

கீழே ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் கேவல் கேட்டது.

"போறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருக்காரு," என்று யாரோ சொன்னார்கள். "தெரிஞ்சிருக்கு அவருக்கு."

அந்த வீடியோவை ஹாயில் ஓவியத்தின் கீழேயும் கொண்டுபோய் ஒட்டினான். வாசகர்களுக்கோ அது அரசரின் உயிர்த்தெழுதல் முன்னோட்டம். முகம் அப்படியே இருக்கிறது, யார் இந்த நடிகர் என்று துனிசியாவில் ஒரு தனிச் சண்டை கிளம்பியது.

இனி ஒளிப்பதில் பிரயோசனமில்லை என்று ருதைனாவுக்குத் தெரிந்துவிட்டது. கைக்கணினியை எடுத்துக்கொண்டு நேராக ஹாஜி முத்லக்கின் முன்னால் போய் நின்றாள்.

"தாத்தா, இதைக் கொஞ்சம் பாருங்க. இது ஓவியம்ங்கறதுக்கு அத்தாட்சி இங்கேயே இருக்கு. அடுக்கு அடுக்கா வரைஞ்சது. ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டறேன்."

விரலால் தொட்டாள். பனி மறைந்தது. கூட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கியது. மறுபடி தொட்டாள், கிரீடம் போனது. வாள் போனது. கவசம் போனது. தாடி போனது. கடைசியில் அடியில் இருந்த அசல் படம் மட்டும் நின்றது: கோடுபோட்ட வீட்டு அங்கியில், ரிமோட்டை நெஞ்சில் அணைத்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, சோபாவில் பெரியப்பா.

"பார்த்தீங்களா?" என்றாள் ருதைனா வெற்றியோடு.

ஹாஜி முத்லக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "தூக்கத்துலேயே போயிட்டானா," என்றார். "சோபாவுல படுத்தபடி. வலியே இல்லாம. குடுத்து வெச்சவன்."

அழுகை புதிதாகத் தொடங்கியது. இதுவரை தள்ளி நின்றிருந்த பக்கத்துத் தெருக்காரர்களும் இப்போது போனை எடுத்து அனுதாபம் எழுதினார்கள். ருதைனா ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அபூ ஜுரைஸ் அவள் கையில் ஒரு கசப்புக் காப்பியை வைத்துவிட்டு, அடுத்தவரிடம் போனார்.

வெயில் சாயும் நேரத்தில் பிக்கப் வண்டி ஒன்று தெருமுனையில் நின்றது. பின்னால் ஆலிவ் மூட்டைகள். அபூ ராகான் இறங்கினார். தலையிலும் தோளிலும் புழுதி. பெரியம்மா வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் தலையைக் குனிந்து குர்ஆன் ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் மெதுவாக வந்து, கடைசி வரிசையில் ஹாயிலுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அபூ ஜுரைஸ் ஒரு கோப்பையை நீட்டினார். அவர் குடித்துவிட்டு, போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"யாரு போனது?" என்று கேட்டார்.

ஹாயில் நிமிரவில்லை. "பெரியவர் அபூ ராகான்."

"நல்ல மனுஷனா?"

"நல்லவர்தான். கொஞ்சம் முன்கோபி. கை கொஞ்சம் இறுக்கம். மீசையைப் பத்தி ஏதாவது சொல்லிட்டா போதும், மூணு மாசம் பேச மாட்டாரு."

"அப்படியா. இன்னும் சொல்லு."

ஹாயில் நிமிர்ந்து பார்த்தான். அவன் கையிலிருந்த கோப்பை தரையில் விழுந்து உருண்டது. சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்வாங்கினார்கள். ஓதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். மாடிச் சன்னலிலிருந்து மூத்த அத்தையின் அலறல் தெருவைத் தாண்டிப் போனது. முதலில் வந்து கட்டிப்பிடித்தவன் ஹாயில்தான். தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "மாமாதான், வேர்வை நாறுது," என்று கூட்டத்துக்கு அறிவித்தான்.

சந்தோஷம் அடங்கியதும் கோபம் வந்தது. ஹாஜி முத்லக் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"இத்தனை பேரை அழவெச்சது யாரு?"

ருதைனா எழுந்து நின்றாள். "நான்தான் தாத்தா," என்றாள். "பெரியப்பா தூங்கும்போது கேக்காம படம் எடுத்தேன். அதைப் பார்த்துப் பொணமா வரைஞ்சேன். தப்புதான். போட்டிக்காக அதை எடுக்காம விட்டதும் தப்பு. இப்பவே அழிச்சுடறேன்."

போனை வெளியே எடுத்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்த மனிதரை ஊர் முன்னால் பிணமாக்கி வைத்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்ட, நீக்கு என்ற சொல்லின்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"கையை எடு," என்றார் பெரியப்பா.

போனை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். தூரமாகப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"மீசை இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கணும்," என்றார் கடைசியில். "மத்தபடி முகம் முகமாத்தான் இருக்கு. இதை நீ அழிச்சா, என்னை நிஜமாவே கொன்ன மாதிரி."

போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. போட்டி முடிந்தது.

அனைவரும் தொழுது திரும்பியபோது பெரியப்பாவின் சட்டைப்பை அலறியது. அம்மானிலிருந்து பதிப்பகத்துப் பெண். பெரியப்பா ஒலிபெருக்கியை அழுத்திப் போனை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"ருதைனா, நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க. கெய்ரோக்காரர் பக்கத்துலகூட வரல. ஒரு கதாபாத்திரத்துக்காக மனுஷங்க இவ்வளவு உருகி எழுதி நாங்க பார்த்ததே இல்ல. அதுல ஒரு பெரியவர், கூடப் பிறந்தவர் போன மாதிரி எழுதியிருக்காரு. அதைப் படிச்சு எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

ஹாஜி முத்லக் கைத்தடியை இடுக்கிக்கொண்டார். "நான் எழுதினதா? அதுவும் ஓட்டா?"

"ஆமா தாத்தா. எழுதின எல்லாமே ஓட்டு."

கிழவர் கொஞ்சம் யோசித்தார். சுற்றிலும் நின்ற தம் ஆட்களைப் பார்த்தார். "அப்போ ஜெயிச்சது நாமதான்," என்றார்.

அதைக் கேட்கத்தான் எல்லோரும் காத்திருந்தது போலிருந்தது. மாடியிலிருந்து பெண்களின் குலவை எழுந்தது. காலையிலிருந்து அழுததை எல்லாம் சேர்த்து ஹாயில் சிரித்தான். துரோகித் தளபதியின் காது யாருடையது என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. இளைஞர்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுத் தோளோடு தோள் கோத்துத் தப்கே நடனம் ஆடத் தொடங்கினார்கள். கறிச்சோற்றுத் தாம்பாளங்கள் வந்தன. அடுத்த அட்டைக்குத் தன்னை வரையலாம் என்று மூன்று மாமாக்கள் தனித்தனியாக வந்து காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியப்பா கூட்டத்தின் நடுவில் நின்று, வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் படத்தைக் காட்டி, "அட்டையில நான்தான், ஆனா வரைஞ்சது இவ," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நாள் தன் வாழ்க்கையில் வரும் என்று ருதைனா எதிர்பார்த்ததே இல்லை.

கூட்டம் சாப்பிட உட்கார்ந்தபிறகு அவள் அபூ ஜுரைஸைத் தேடிப் போனாள். அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. திடீர்னு துக்க வீடுன்னு கூப்பிட்டு, கடைசி நேரத்துல உங்களை ரொம்ப அலைக்கழிச்சுட்டோம்."

அபூ ஜுரைஸ் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"துக்க வீடா? போன வாரமே உங்க பெரியப்பா கடைக்கு வந்து, 'வியாழக்கிழமை எங்க பொண்ணு போட்டியில ஜெயிக்கப் போறா, ஊர்ப்பட்ட சனம் வரும், நாற்காலி குறையக் கூடாது, வந்தவங்க அழுதா கண்டுக்காம காப்பியை ஊத்து'ன்னு சொல்லிட்டுத்தானேம்மா தோப்புக்குப் போனாரு."